எண்களை அரைத்த லூன்

கடவுச்சொல்லைக் காக்கும் கணக்கு முறைக்கு வித்திட்ட ஜெர்மானியரின் வாழ்க்கை

காரைக்கால் பகுதியைச் சேர்ந்த சுரக்குடி போன்ற ஒரு சிற்றூரிலும் இன்று வயல் வரப்பில் நின்றபடியே வங்கிக் கணக்கைப் பார்த்துவிடலாம். செல்போனில் கடவுச்சொல்லைத் தட்ட வேண்டியதுதான், கணக்கு திறந்துகொள்ளும். அந்தச் சொல் சரியானதுதான் என்று எங்கோ இருக்கும் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிந்தது? அது ஒரு பேரேட்டில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா? அப்படியானால் அந்தப் பேரேட்டைப் புரட்டுகிறவர் எவரும் அதைப் படித்துவிடலாமே!

ஒழுங்காக நடத்தப்படும் ஸ்தாபனத்தின் பேரேட்டில் அந்தச் சொல் இருக்காது. அதை அரைத்து எடுத்த ஓர் அடையாளம் மட்டுமே இருக்கும். அரிசியும் உளுந்தும் சேர்ந்து மாவானபின் மாவிலிருந்து அரிசியைப் பிரித்தெடுக்க முடியுமா? அந்த அடையாளத்திலிருந்து சொல்லை மீட்பதும் அப்படிப்பட்ட காரியந்தான்.

எண்களையும் எழுத்துக்களையும் இவ்விதம் அரைக்கலாம் என்ற யோசனையை முதன்முதலில் எழுத்தில் வைத்தவர்களில் ஒருவர் ஹான்ஸ் பீட்டர் லூன். ஆனால் அவருக்குக் கடவுச்சொல்லைப் பற்றிய கவலையே இருந்ததில்லை. தேடுகிற பொருள் சீக்கிரம் கிடைக்க வேண்டும் என்பது ஒன்றே அவருடைய நாட்டம்.

அச்சுக்கூடத்தில் வளர்ந்தவர்

ஜெர்மனியில் பார்மன் என்ற நகரில் 1896-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி லூன் பிறந்தார். அந்நகரம் பிற்காலத்தில் வுப்பர்டால் என்ற பெருநகரத்தோடு இணைந்துவிட்டது. தகப்பனார் அச்சுத் தொழிலில் தேர்ந்தவர். ஈய எழுத்துக்களை அறை அறையாகப் பிரித்து வைப்பதும், வேண்டிய எழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதும் அச்சுக் கோப்பவரின் அன்றாட வேலை. எந்தப் பொருளுக்கு எந்த அறை என்ற கேள்வி இந்தப் பையனை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

குடும்பத் தொழிலைக் கற்க அவர் சுவிட்ஜர்லாந்து சென்றார். முதல் உலக யுத்தம் மூண்டது. ஜெர்மன் ராணுவத்தில் செய்தித் தொடர்பு அதிகாரியாகப் பணிபுரிந்தார். யுத்தம் முடிந்தபின் அவர் கவனம் நெசவுத் தொழிலின் பக்கம் திரும்பியது. அந்தத் தொழிலே 1920-களில் அவரை அமெரிக்காவுக்குக் கொண்டு சேர்த்தது.

இழை எண்ணும் கருவி

கைத்தறிக்காரருக்குத் தெரியும், துணியின் தரம் அங்குலத்துக்கு எத்தனை இழை என்பதில் இருக்கிறது. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வோர் இழையாக எண்ணுவது கண்ணைக் கெடுக்கும் வேலை. இதற்கு லூன் ஒரு சுலபமான வழி கண்டார். நுண்ணிய கோடுகள் போட்ட ஒரு தகட்டைத் துணியின்மேல் வைத்தால், துணியின் இழைகளும் தகட்டின் கோடுகளும் ஒன்றோடொன்று மோதி அலை போன்ற ஒரு வடிவம் தெரியும். அந்த வடிவம் எந்த இடத்தில் விழுகிறதோ, அதற்கு நேராக உள்ள எண்ணே இழைக் கணக்கு. ஓர் இழையைக்கூட எண்ணாமல் அத்தனை இழையின் கணக்கும் வந்துவிடும்! லூனோமீட்டர் என்று தம் பெயரையே அதற்குச் சூட்டினார்.

பிறகு சொந்தத்தில் ஒரு பொறியியல் ஆலோசனை நிலையம் வைத்தார். மடித்து வைக்கத்தக்க மழைக்கோட்டு, பெண்களின் காலுறைக்கு வடிவம் தரும் கருவி, விளையாட்டு மேஜை என்று கண்டதையெல்லாம் ஆராய்ந்து பேடண்ட் உரிமை வாங்கினார். வீட்டில் இருக்கும் சரக்கைக் கொண்டு என்னென்ன பானம் கலக்கலாம் என்று காட்டும் வழிகாட்டி ஒன்றுகூட அவற்றில் உண்டு. வாழ்நாளில் அவர் பெற்ற உரிமைகள் 80-க்கு மேற்பட்டவை.

ஐ.பி.எம். கம்பெனியில்

1941-ல் ஐ.பி.எம். கம்பெனி அவரை ஆராய்ச்சிப் பொறியாளராக வேலைக்கு எடுத்துக்கொண்டது. துளையிட்ட அட்டைகளைக் கொண்டு கணக்கு வைக்கும் யந்திரங்கள் அக்கம்பெனியின் முக்கிய வியாபாரம். 1940-களின் பிற்பகுதியில் ஜேம்ஸ் பெர்ரி, மால்கம் டைசன் என்ற இரு ரசாயன நிபுணர்கள் ஒரு சங்கடத்துடன் வந்தார்கள். ரசாயனக் கூட்டுப் பொருள்களின் பட்டியல் மலைபோல் வளர்ந்துவிட்டது. வேண்டியதைத் தேடி எடுக்க யந்திரம் உண்டா என்பது அவர்களுடைய கேள்வி. அதற்கென லூன் ஒரு தேடும் யந்திரத்தை அமைத்தார். கணக்குப் போடும் யந்திரம் அகராதி புரட்டும் வேலையையும் செய்யும் என்று அப்போதுதான் அவருக்கு உறுதியாயிற்று.

1953 ஜனவரிக் குறிப்பு

ஆயிரம் மூட்டை நெல் ஒரே குவியலாகக் கிடந்தால் அதில் குறிப்பிட்ட ஒரு மூட்டையைத் தேடுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். குதிர்களாகப் பிரித்து, எந்த மூட்டை எந்தக் குதிரில் என்று மூட்டையைப் பார்த்ததுமே சொல்ல முடிந்தால் தேடும் வேலையே இல்லை. இந்த யோசனையைத்தான் 1953 ஜனவரியில் லூன் தம் கம்பெனிக்குள் ஒரு குறிப்பாக எழுதிக் கொடுத்தார்.

பத்து இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: 1234567890. இதை இரண்டிரண்டாகப் பிரித்தால் 12, 34, 56, 78, 90. ஒவ்வொரு ஜோடியையும் கூட்டினால் 3, 7, 11, 15, 9. கடைசி இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டால் 37159. அந்த எண்ணுக்குரிய விவரம் 37159-வது அறையில் வைக்கப்படும். நாளை அதே எண்ணைக் கொடுத்துத் தேடினால், அதே கணக்கைப் போட்டு, யந்திரம் நேரே அந்த அறைக்குப் போய்விடும். மற்ற அறைகளைத் தொடவே வேண்டாம்.

இரண்டு எண்கள் ஒரே அறைக்கு வந்தால்? 2134567890 என்ற எண்ணும் 37159-க்கே வரும். அதற்கும் லூன் வழி சொன்னார். ஒரே அறைக்கு வந்தவற்றைச் சங்கிலிபோல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வைத்தால் போதும். அதே காலத்தில் ஐ.பி.எம்.மிலேயே வேறு சிலரும் தனியாக இதைப்போன்ற முறையைக் கண்டார்கள். கறியையும் காயையும் பொடியாகக் கொத்துவதைக் குறிக்கும் ஹாஷ் என்ற சொல் பின்னால் இதற்குப் பெயராக ஒட்டிக்கொண்டது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 37159 என்ற விடையை மட்டும் கொடுத்து, முதலில் இருந்த எண் எது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. அந்த விடையைத் தரக்கூடிய பத்து இலக்க எண்கள் மொத்தம் 1 லட்சம். அரைத்தபோது விவரம் தொலைந்துபோகிறது. லூனுக்கு அது ஒரு பொருட்டாக இல்லை. பின்னால் வந்தவர்கள் கண்ணுக்கு அதுவே புதையலாகப் பட்டது.

கல்கத்தா காட்டிய வழி

ஒரு பொருளைக் கணக்காக மாற்றி, அந்தக் கணக்கு காட்டும் அறையில் வைப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1897-ல் கல்கத்தாவில் கைரேகைப் பதிவு நிலையம் திறக்கப்பட்டது. பத்து விரல்களின் ரேகைச் சுழிகளுக்கு எண் கொடுத்து, அந்த எண்ணைக் கொண்டு 1,024 அறைகளில் ஒன்றில் அட்டையை வைக்கும் கணித முறையை வகுத்ததில் அஸிஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரு போலீஸ் உத்தியோகஸ்தர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் முறைக்குப் பெயர் அவர்களுடைய மேலதிகாரி எட்வர்டு ஹென்றியின் பெயராக நிலைத்தது. உழைப்பு ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது. லூன் விஷயத்திலும் ஏறக்குறைய அதே கதைதான். கம்பெனிக்குள் சுற்றிய குறிப்பாதலால் வெளியுலகம் அவர் பெயரை வெகுகாலம் அறியவில்லை.

காவல் இலக்கம்

மறு வருஷமே இன்னொரு யோசனை. எண்களை எழுதும்போது கை தவறுவது மனித இயல்பு. ஓர் இலக்கம் மாறினால் ஒருவர் பணம் இன்னொருவர் கணக்கில் விழும். ஆகவே எண்ணின் கடைசியில் ஒரு காவல் இலக்கம் வைக்கலாம் என்றார் லூன்.

1954 என்ற எண்ணைப் பார்க்கலாம். வலப்புறத்திலிருந்து ஒன்று விட்டு ஒன்றை இரட்டிக்க வேண்டும். 4 இரட்டித்தால் 8, 5 அப்படியே, 9 இரட்டித்தால் 18, அதன் இலக்கங்களைக் கூட்டினால் 9, 1 அப்படியே. மொத்தம் 23. இதோடு 7 சேர்ந்தால் 30 என்ற முழுப் பத்து வரும். எனவே காவல் இலக்கம் 7; முழு எண் 19547. எவராவது 15947 என்று மாற்றி எழுதிவிட்டால் கூட்டுத்தொகை 26 வரும். தவறு அங்கேயே பிடிபடும். ஓர் இலக்கம் தவறினாலும் பிடிபடும். பக்கத்துப் பக்கத்தில் உள்ள 0-வும் 9-ம் இடம் மாறினால் மட்டும் தப்பிவிடும்.

இந்தக் கணக்கைப் போடும் சிறு கையடக்க யந்திரத்துக்கு 1954 ஜனவரி 6-ந் தேதி லூன் உரிமை கோரி மனுச் செய்தார். அன்று காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது. அதே வருஷம் நவம்பர் 1-ந் தேதி காரைக்காலின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. லூனின் உரிமை 1960 ஆகஸ்டு 23-ந் தேதிதான் கிட்டியது. இன்று வங்கி அட்டைகளின் எண்ணும், செல்போன் கருவியின் உடம்பெண்ணும், பிரான்சில் வியாபார ஸ்தாபனங்களுக்குக் கொடுக்கும் 9 இலக்கப் பதிவு எண்ணும் லூனின் காவல் இலக்கத்தோடுதான் வருகின்றன.

படிக்கும் யந்திரம்

அதன்பின் லூன் எண்களை விட்டுச் சொற்களுக்கு வந்தார். பழைய தமிழ் நூல்களின் கடைசியில் செய்யுள் முதற்குறிப்பு அகராதி இருக்கும். முதற்சொல் நினைவிருந்தால்தான் அது பயன்படும். நடுவில் உள்ள சொல் மட்டும் நினைவிருந்தால்? கட்டுரைத் தலைப்பில் உள்ள ஒவ்வொரு முக்கியச் சொல்லையும் அகர வரிசையில் அடுக்கி, அதன் இருபுறமும் உள்ள சொற்களோடு அச்சிடும் முறையை லூன் யந்திரத்தைக் கொண்டே செய்து காட்டினார். ஒரு கட்டுரையில் எந்தச் சொற்கள் அடிக்கடி வருகின்றன என்று எண்ணி, அவை செறிந்த வாக்கியங்களைப் பொறுக்கி, சுருக்கம் தயாரிக்கும் முறையையும் 1958-ல் வெளியிட்டார். அந்த வருஷம் நவம்பரில் வாஷிங்டனில் கூடிய விஞ்ஞானத் தகவல் மகாநாட்டில் இவை பிரமாதமான பரபரப்பை உண்டாக்கின.

1961-ல் அவர் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றார். 1964 ஆகஸ்டு 19-ந் தேதி, தமது 68-வது வயதில் காலமானார்.

ரகசியம் காக்கப் போன அரைவை

அவர் உயிரோடிருந்தபோதே ஒரு புதுத் தொல்லை தலையெடுத்திருந்தது. ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பங்கிட்டு உபயோகிக்கத் தொடங்கினார்கள். அவரவர் கோப்பை அவரவரே பார்க்க வேண்டுமென்று ஆளுக்கொரு கடவுச்சொல் வந்தது. அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இந்தச் சொற்கள் அனைத்தும் ஒரு கோப்பில் பச்சையாக எழுதி வைக்கப்பட்டிருந்தன. 1962-ல் ஓர் ஆராய்ச்சி மாணவர் அந்தக் கோப்பையே அச்சடித்து எடுத்துவிட்டார். பூட்டு பலமாக இருந்தது. சாவிகளெல்லாம் ஓர் ஆணியில் தொங்கின!

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ரோஜர் நீதம் என்பவரும் அவரோடு பணிபுரிந்தவர்களும் 1960-களில் வேறு வழி கண்டார்கள். சொல்லை எழுதி வைக்காமல், அதை அரைத்து எடுத்த விடையை மட்டும் எழுதி வைத்தார்கள். மறுபடியும் வருகிறவர் சொல்லைத் தட்டும்போது அதையும் அதேபோல் அரைத்து, இரண்டு விடைகளும் ஒன்றாக இருந்தால் உள்ளே விட்டார்கள். காவற்காரனுக்கு ரகசியம் தெரியாது. ஆனாலும் காவல் நடக்கும்.

அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சி நிலையத்தில் ராபர்ட் மாரிஸ் என்ற கணித அறிஞர் இருந்தார். லூன் விதைத்த அறை முறையைப் பற்றி 1968-ல் விரிவான ஆய்வுரை எழுதியவர் அவர். அவரே கென் தாம்ஸனுடன் சேர்ந்து 1979-ல் கடவுச்சொல் காப்பைப் பற்றி எழுதினார். தேடுவதற்குப் பிறந்த அரைவை, காப்பதற்கு எப்படி மாற வேண்டும் என்பது அதில் விளங்கியது.

முதல் மாற்றம் உப்பு. வேதாரண்யத்து உப்பல்ல, கம்ப்யூட்டர் தானாகவே பொறுக்கும் ஒரு சிறு எண். ஊரில் இருவர் முருகன்123 என்ற ஒரே சொல்லை வைத்திருந்தால் அரைத்த விடையும் ஒன்றாகவே இருக்கும். ஒன்று தெரிந்தால் மற்றதும் தெரிந்துவிடும். ஒவ்வொருவர் சொல்லோடும் வெவ்வேறு உப்பைச் சேர்த்து அரைத்தால் விடைகள் வேறாகிவிடும். மேலும், திருடன் சாதாரணச் சொற்களையெல்லாம் முன்கூட்டியே அரைத்துப் பட்டியல் வைத்திருந்தாலும் அது பயன்படாது. ஒவ்வோர் ஆளுக்கும் புதிதாக அரைக்க வேண்டும். மாரிஸும் தாம்ஸனும் சேர்த்த உப்பில் 4,096 வகை இருந்தது.

இரண்டாவது மாற்றம் லூனுக்கே வியப்பளித்திருக்கும். அரைவை மெதுவாக நடக்க வேண்டும்! திருடன் பேரேட்டைக் கவர்ந்து போனால், தோன்றிய சொற்களையெல்லாம் அரைத்துப் பார்ப்பான். அரைவை வேகமாக நடந்தால் ஒரு நொடியில் கோடிக்கணக்கான சொற்களைப் பார்த்துவிடுவான். ஆகவே ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப அரைக்கச் செய்தார்கள். உரிமையாளருக்கு ஒரு கணம் தாமதம்; திருடனுக்கோ வருஷக்கணக்கில் தாமதம். அந்த 1979 முறையில் 25 சுற்று அரைவை. 1999-ல் வெளியான பிகிரிப்ட், 2015-ல் போட்டியில் முதலிடம் பெற்ற ஆர்கன்2 ஆகிய முறைகளில், யந்திரங்கள் வேகமடைய அடைய அரைவையின் பாரத்தையும் ஏற்றிக்கொள்ளலாம். விரைவுக்காகவே உழைத்தவரின் வித்தை, தாமதத்தால் காவலாயிற்று.

பேரேட்டின் கட்டங்கள்

இந்த அடையாளங்கள் எங்கே வைக்கப்படுகின்றன? லூன் பணிபுரிந்த அதே ஐ.பி.எம்.மில் எட்கர் காட் என்ற விஞ்ஞானி 1970-ல் தகவல்களை வரிசையும் கட்டமுமாக அட்டவணைகளில் வைக்கும் முறையை வகுத்தார். கிராமக் கணக்குப் பதிவேட்டில் சர்வே எண், உடையவர் பெயர், பயிர் என்று கட்டங்கள் இருப்பதுபோல், இந்த அட்டவணையில் ஒரு கட்டத்தில் உபயோகிப்பவர் பெயர், ஒன்றில் உப்பு, ஒன்றில் அரைத்த விடை. கடவுச்சொல் என்ற கட்டமே அதில் இருக்கக் கூடாது.

இந்த நியதியை மறந்தவர்கள் பட்டபாடு உலகறிந்தது. 2009-ல் ராக்யூ என்ற அமெரிக்கக் கம்பெனியின் அட்டவணை களவு போயிற்று. அதில் 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் அரைக்கப்படாமல் பச்சையாக இருந்தன. அதிகம் பேர் வைத்திருந்த சொல் 123456! 2012-ல் லிங்க்டின் கம்பெனியிலிருந்து 65 லட்சம் அடையாளங்கள் வெளியாயின. அவை அரைக்கப்பட்டிருந்தன, ஆனால் உப்புச் சேர்க்கவில்லை, அரைவையும் வேகமான வகை. ஆகவே பெரும்பகுதி சீக்கிரத்திலேயே உடைபட்டது. ஒரே சொல்லை வங்கிக்கும் தபாலுக்கும் வைப்பவர்கள் ஏராளம் அல்லவா? ஓரிடத்தில் உடைந்தால் எல்லா இடத்திலும் கதவு திறந்துவிடுகிறது.

ஒரு ஸ்தாபனம் எப்படிப்பட்டது என்பதைச் சாதாரண மக்களும் ஓரளவு அறிய முடியும். கடவுச்சொல் மறந்துவிட்டது என்று தெரிவித்ததும், பழைய சொல்லையே எழுதி அனுப்பினால், அங்கே அச்சொல் திரும்பப் படிக்கத்தக்க விதத்தில் இருக்கிறதென்று அர்த்தம். அப்படிப்பட்ட இடத்தில் வைத்த சொல்லை வேறெங்கும் வைக்காமலிருப்பதே புத்திசாலித்தனம். பழைய சொல் தங்களுக்கே தெரியாது, புதிதாக ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள் என்கிற இடமே நம்பத்தக்கது.

லூன் கண்ட அரைவை அப்படியே கடவுச்சொல்லைக் காக்காது. ஜோடி ஜோடியாகக் கூட்டும் அந்தக் கணக்கில் அதே விடை தரும் வேறோர் எண்ணைச் சிறு பிள்ளைகூட எழுதிவிடும். அதைப் பலப்படுத்தியவர்கள் பின்வந்தவர்கள். ஆனால் ஒரு பொருளை முழுவதும் வைத்துக்கொள்ளாமலே அதை அடையாளங் காணலாம் என்ற பாதை அவர் நடந்த பாதை. ஓர் இழையையும் எண்ணாமல் துணியை அளந்த நாள் முதலே அவர் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தார்.